பெட்டியின் வயிறு

மலை ஏறும் வழியெல்லாம் அந்தத் தாள்
ஸ்டியரிங் பக்கம் சரிந்துகொண்டே வந்தது.
கொஸ்தா ரிக்கா அரசின் அச்சுத் தாள்,
இந்த ஆண்டுக்கான குறைந்தபட்சக் கூலி.
வளைவுக்கு வளைவு யோர்லெனி பதீயா
அதைப் பிடித்து நேராக்கி வைத்தாள்.
ஆய்வாளர் அவள். ஜீப் ஓட்டுபவன் நான்.
எனக்கும் அதில் ஒரு வரி உண்டு:
திறன் பெற்றவனுக்குக் கீழே,
திறனற்றவனுக்கு மேலே,
அரைத்திறன்.
பதினெட்டு வருஷமாக இந்த வளைவுகளைப்
பாதி பாதிதான் திருப்பியிருக்கிறேன் போல.

காவல்காரனுக்கு ஒரு தொகை, தட்டச்சருக்கு ஒன்று,
வீட்டுவேலை செய்பவளுக்கு எல்லோருக்கும் அடியில் ஒன்று.
காப்பிப்பழம் பறிப்பவர்களுக்கு மட்டும்
நாள் கணக்கில்லை, மாதக் கணக்கில்லை.
பெட்டிக்கு இவ்வளவு. ஒரு பெட்டி இருபது லிட்டர்.
"சுலபம்தானே, பெட்டியை எண்ணினால் போதும்" என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பின்சீட்டில் ஒரு லிட்டர் தகரக் குவளை
முத்திரை குத்திய முதுகோடு
உருண்டு உருண்டு வந்தது.

தோன் எவேலியோ உரேன்யாவின் களத்தில்
வரிசை நின்றிருந்தது.
பனாமா எல்லை தாண்டி வந்த ஙாபே ஜனங்கள்.
பெண்களின் நீள அங்கிகளில்
பல்வரிசைபோல் முக்கோணத் தையல்.
மழைக்கும் சோளத்துக்கும் நடுவிலான ஒரு சத்தத்தோடு
பழம் கொட்டியது.
பெட்டி நிறைந்தால் ஒரு வில்லை.
வில்லை சேர்ந்தால் சனிக்கிழமை பணம்.
தோன் எவேலியோ காப்பி தந்தார், கணக்குப் புத்தகம் தந்தார்.
ஒரு பிழை இல்லை அதில்.
சொன்ன தொகை, சொன்ன தேதி,
கையெழுத்து வேண்டிய இடமெல்லாம் கட்டைவிரல்.

"தண்ணீர் கொண்டு வாங்க," என்றாள் என்னிடம்.

ஓடைக்கும் களத்துக்கும் நடந்தேன்.
பெட்டிக்குள் பிளாஸ்டிக் தாளை விரித்து
குவளை குவளையாக ஊற்றினாள், வாய்விட்டு எண்ணி.
பதினெட்டு. பத்தொன்பது.
இருபதில் வரிசை முழுதும் கழுத்தை நீட்டியது.
விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது தண்ணீர்.
இருபத்தொன்று.
இருபத்திரண்டு.
அரை.

கொட்டிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தாள்.
அடித்தகரத்தை உள்ளிருந்து யாரோ
பொறுமையாகச் சுத்தியலால் தட்டித் தட்டி
வெளியே தள்ளியிருந்தார்கள்,
பந்தியிலிருந்து எழுந்தவன் வயிறுபோல.
"பழைய பெட்டி," என்றார் தோன் எவேலியோ,
"பாரம் தாங்கித் தாங்கித் தொங்கிப்போச்சு."

படியளக்கிறவர் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால்
அப்புறம் படியை யாரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை.

வரிசையில் நாலாவதாக நின்ற எனேய்தா பெஹாரானோ
சிரித்துவிட்டாள். அடக்க முடியாத சிரிப்பு.
ஸ்பானிஷ் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள்:
"போன வருஷம் பெட்டிக்கு என் கையால் நூற்றெழுபது அள்ளு.
இந்த வருஷம் நூற்றுத்தொண்ணூறு.
கை சிறுத்துப்போச்சுன்னு நினைச்சேன்."
சொன்ன பிறகு
சிரிப்பு நின்றுவிட்டது.

யோர்லெனி எழுதினாள். கார்பன் வைத்து மூன்று படிவம்.
நாற்பது பேருக்குப் பொங்கிப் போட்டுவிட்டு
வாசலில் கை துடைத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டாள்:
"உங்களுக்கு என்ன வேலை?"
"வேலையா? நான் மேஸ்திரியோட பெண்டாட்டி."
தாளை முன்னும் பின்னும் புரட்டினாள்.
சமையல்காரர் என்றொரு வரி இருந்தது.
பெண்டாட்டி என்று இல்லை.
பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
பிறகு பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

இறங்கும்போது இருட்டிவிட்டது.
சாட்சியாகப் பெட்டி, பின்சீட்டில், கயிறு கட்டி.
ஒவ்வொரு குழியிலும் அதன் வயிறு
இரும்பில் இடித்துச் சத்தம் போட்டது.
எனக்குத் தோள் வலித்தது.
"தண்ணீர் சுமந்தது எந்த வரியில் வரும்?" என்று கேட்டேன்,
விளையாட்டாகத்தான்.
அவள் விளக்கைப் போட்டு, தாளை எடுத்து,
விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள்.
விளையாட்டாக அல்ல.

"வளைவு தாண்டட்டும்," என்றேன்.
"அதுவரைக்கும் விளக்கை அணைங்க,
பாதை தெரியலை."