இன்னும் ஆறு நிமிடம்

செந்தூல் டோபி கடையில்
ராத்திரி பத்துக்கு மேல்தான் வகுப்பு.
விடிய விடிய விளக்கு, ஓசி வைஃபை,
எழுந்து போ என்று யாரும் சொல்வதில்லை.

உலர்த்தியின் சிவப்பு எண்கள் ஓடி முடிவதற்குள்
ஒரு கட்டுரை:
பல்கலைக்கழகம் உனக்கு எதற்கு?

லோஷினி பதினேழாம் மாடி.
லிப்ட் ஓடாத நாளிலும்
தம்பி சீருடையை முதுகில் சுமந்து வருவாள்.
"அக்கா, அப்பா சம்பளம் கேட்குது பாரம்.
எந்த மாசத்துது எழுத?"
போன வருஷம் இதே கட்டத்தில்
நானும் பேனாவைக் கடித்தேன்.

துணி காய்ந்து மணி அடித்தது.
அவள் பாதி வாக்கியத்தில் இருந்தாள், நிமிரவில்லை.

சர்வின் எழுந்தான்.
ரொட்டி சானாய்க்கு வைத்திருந்த
இரண்டு ஐம்பது காசுகளை
காலி இயந்திரத்தில் போட்டான்.

உள்ளே ஒன்றுமில்லாமல்
சுற்றத் தொடங்கியது.