கழிவு

இந்தக் கண்ணாடித் தராசுக்குச் சமதளம் வேண்டும்.
சேரம்பாடிப் பக்கம் சமதளத்துக்கு எங்கே போவேன்?
லயத்து வாசலில் வைத்தால்
ஒரே ஆள் ஒருமுறை எழுபத்தாறு,
திருப்பி வைத்தால் எழுபத்திரண்டு.
அதனால் இலை எடை போடும் கொட்டகையில்தான்
மாதம் ஒருநாள் என் கடை.
சிமெண்டுத் தரை.
மேலே உத்தரத்தில் கம்பெனியின் கொக்கித் தராசு.
கீழே என்னுடையது.

யோகமலர் செருப்பைக் கழற்றினாள்.
தோட்டையும் கழற்றப் போனாள்.
"அது கவரிங்தானே, ஏறுங்கக்கா."
எண்பத்தொன்று புள்ளி நாலு.
வயது நாற்பத்து நாலு.

காய்கறி தினமும் உண்டா என்கிறது படிவம்.
"ஞாயித்துக்கிழம சந்தையில
பீன்ஸப் பாத்துட்டு வந்தேன்."
பார்த்துவிட்டு.
அதற்குக் கட்டம் இல்லை.

உள்ளது ரேஷன் அரிசி, பாமாயில்,
விடியுமுன் தட்டிக் கட்டிக்கொண்ட மைதா ரொட்டி,
பத்து மணிக்கு ஒரு சாயத்தண்ணி, நாலு கரண்டி சீனி.
சீனி இறங்கினால்தான் அடுத்த சரிவில் கால் ஏறும்.
முட்டி போன பிறகு
ஃபேக்டரிக்குள் உட்கார வைத்துக்
குச்சி பொறுக்கச் சொன்னார்கள்.
கால் உட்கார்ந்துவிட்டது.
சீனி உட்காரவில்லை.

நடைப்பயிற்சி, அரைமணி, காலை அல்லது மாலை:
டாக்டர் கையெழுத்து.
காலையிலும் மாலையிலும் இந்தப் பாதையில்
ஒற்றைக்கொம்பன் நடக்கிறான்.
அவனுக்கு யாரும் எழுதித் தரவில்லை.

எதிர்மேட்டு ரிசார்ட்டுக்கு மின்வேலி உண்டு.
உள்ளே ஓடுகிறார்கள்
பச்சையும் ஆரஞ்சுமாய்ச் சப்பாத்து மாட்டி,
ஓடியும் போய்ச்சேராமல்,
அதே மரத்தை ஏழாவது தடவையாக.
கேட்டில் யோகமலரின் வீட்டுக்காரர்
இரவு முழுக்க பிளாஸ்டிக் நாற்காலியில்.
எழுந்து நடந்தால் கேமராவில் தெரியும்,
இடத்தில் இல்லை என்பார்கள்.
போன மாதம் அவர் தொண்ணூற்றிரண்டு.

சின்னவன் பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் ஆளில்லை.
கடை வாசலில் சரம் சரமாக
ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள்
அவன் கைக்கு எட்டும் உயரத்தில்.

"எடைய குறைக்கணும்க்கா" என்றேன்,
சொல்ல வேண்டியதால்.
நான் எழுபத்தொன்பது.
என்னை யாரும் எழுதிக்கொள்வதில்லை.

அவள் இறங்கவில்லை. அண்ணாந்து கொக்கியைப் பார்த்தாள்.
"முப்பது கிலோ எல தூக்கி இதுல மாட்டுவேன்.
சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ரெண்டு.
கழிவு போக இருபத்தேழுதான் சீட்டுல ஏறும்.
வெயிலடிச்சாலும் ஈரந்தான்.
இருபத்திரண்டு வருசம்."
பிறகு, கீழே குனிந்து,
"ஒன் தராசுல கழிவே கெடையாதா பிள்ள?"

வரிசை சிரித்தது. நானும்.
கங்காணி மட்டும் வேலையாக இருந்தார்.

எண்பத்தொன்று புள்ளி நாலு.
புள்ளியையும் விடாமல் எழுதினேன்.
அடுத்து தவமணி.
அவள் வருவதற்குள் தராசு அணைந்துவிட்டது.
குனிந்து கையால் தட்டினேன்.
பூஜ்யம்,
கொஞ்சம் நடுங்கி,
பிறகு நின்றது.