இடைவேளைக்குப் பிறகு கொலையாளி குள்ளமாகிவிடுகிறான்

'சாமக்கத்தி' என்றொரு படம்.
தக்கலையில் ஐந்து நாள், குலசேகரத்தில் மூன்று நாள்.
பஹ்ரைனில் யாரோ தூக்கிப்போட மறந்த
கேசட்டிலிருந்து கிளம்பி
இப்போது என் கைபேசிக்கு வந்திருக்கிறது,
அடியில் கேசட் கடையின் போன் நம்பர்
வலமிருந்து இடமாக ஊர்ந்தபடி.

கீரிப்பாறை எஸ்டேட். கல்லூரிப் பெண்கள் ஏழு பேர்.
எந்தக் கல்லூரி, எதற்கு வந்தார்கள்,
படம் கடைசிவரை சொல்வதில்லை.
ஜீப் பழுதாகும். வாட்ச்மேன் எச்சரிப்பான்.
சாக்குப்பையை முகமாக மாட்டிய ஒருவன்
பால்வெட்டுக் கத்தியோடு
ரப்பர் மரத்தின் பின்னிருந்து வருவான்.
முதல் மூவரைக் கொல்லும்போது அவன் ஆறடி.
ஓங்கிக் குத்துவான்.
கேமராவின் கண்ணாடியிலேயே சிவப்புச் சாயம் தெறிக்கும்.

நான்காவதில் சட்டை தொளதொளக்கிறது.
கால்சட்டை இரண்டு மடிப்பு ஏறியிருக்கிறது.
பார்க்கிறவர்கள் சிரிக்கிற இடம்.
நான் திரையை முகத்தருகே கொண்டுபோகிற இடம்.

மெட்ராஸ் ஸ்டண்ட்காரருக்கு மலைக்காய்ச்சல் என்றும்
கத்தி பிடிக்கத் தெரிந்தவர் யாரென்று கேட்டதற்கு
வெட்டுக்காரர் பதினாலு பேரும் கைதூக்கினார்கள் என்றும்
சாக்கு தலையில் சரியாக இறங்கியது
மிக்கேல்தாசனுக்குத்தான் என்றும்
அம்மா சொல்லியிருக்கிறாள்.
நாலு ராத்திரிக்கு எழுபத்தைந்து ரூபாய்.
கழுத்தில் சணல் அரிப்பு ஒரு வாரம்.
பங்குச்சாமியார் காதுக்கு எட்டாமலிருக்க
உபதேசியாருக்கு வாங்கிக் கொடுத்த நெய்மீன் செலவு தனி.

எனக்கு இரண்டு வயதில் அப்பா போனார்.
கல்யாணப் போட்டோவில் விறைத்து நிற்கிறார்.
ரேஷன் கார்டில் பெயராக இருந்தார், அடித்துவிட்டார்கள்.
அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

மார்த்தாண்டத்தில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
முகமில்லாத ஆட்களைப் பார்த்துப் பழக்கம்.
சுமடு எடுத்த தோள் எது, பனையேறிய தோள் எது,
பிலிமை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரளவு சொல்வேன்.
சாக்குக்குக் கீழே
வலப்பக்கம் சற்றே இறங்கிய இந்தத் தோளை
யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

கொலை அவருக்குச் சுத்தமாக வரவில்லை.
குத்தச் சொன்னால் சீவுகிறார்.
இடம் உயர்ந்து வலம் தாழ்ந்த அதே சரிவில்,
பட்டைக்கு அடியிலுள்ள உயிர்த்தோலில் படாமல்,
காகிதக் கனத்துக்கு.
அந்தப் பெண் தொண்டை கிழியக் கத்துகிறாள்.
இப்படி வெட்டிய மரம்
இன்னும் இருபது வருடம் நிற்கும்.

ஆறாவது பெண் ஓடுகிறாள்.
டீசல் பம்பு வைத்து
ஓடைத் தண்ணீரில் பெய்யவைத்த மழை.
கத்தியைத் தூக்கியபடி அவர் துரத்துகிறார்.
ஒரு வரிசை மரம், இரண்டு வரிசை,
நின்றுவிடுகிறார்.
ஒரு மரத்தில் காலிச் சிரட்டை
வாய்திறந்து மழையை வாங்கிக்கொண்டிருக்கிறது.
கவிழ்த்து வைக்கிறார்.
பக்கத்து மரத்தில் இன்னொன்று. அதையும்.
பிறகு நினைவு வந்தவர்போல
கத்தியை உயர்த்திக்கொண்டு ஓடுகிறார்.

இயக்குநர் அதை வெட்டவில்லை.
பிலிம் தீர்ந்துபோயிருக்கலாம்.
கவனிக்கவே இல்லையோ என்னவோ.
ஒன்பது வினாடி.
அவர் பாதங்களின்மேல் பஹ்ரைன் நம்பர் போகிறது.
செருப்பா, வெறுங்காலா?
பதினேழு தடவை பின்னுக்கு இழுத்தும் தெரியவில்லை.
அந்த நம்பருக்குக்கூட ஒருநாள் அழைத்துப் பார்த்தேன்.

அம்மா பார்க்க வரமாட்டாள்.
"சாக்கு போட்டு மூடி அந்த மனுஷன
ஒருக்க பாத்தது மதி" என்பாள்.
அடுக்களையில் மரச்சீனி உரித்துக்கொண்டிருக்கிறாள்.
அலறல் அடங்கியதும் அங்கிருந்தே கேட்கிறாள்:
"கொன்னு தீந்தாச்சா உனக்க அப்பன்?"

"இனியும் ரெண்டுபேரு உண்டும்மா"
என்றபடி இழுத்து விடுகிறேன்,
மழைக்குச் சற்று முன்னால்.