துரைமுகம்

பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துப் பிழை.
பெயின்டர் ஆரோக்கியம்
றகரத்துக்குப் பதில் ரகரம் போட்டுவிட்டான்.
துறைமுகம், துரைமுகம் ஆகி
மவுசாக்கலைத் தண்ணீர் ஓரம் நின்றது,
பச்சைப் பலகையில் வெள்ளையாக.

கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம்
என்று கேட்டால் லொறிக்குத்தான் தெரியும்.
பேசாலையிலிருந்து அதில்தான் படகு மலையேறியது,
ஆறடி வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க
கினிகத்தேனை வளைவுகளில்
மண்மேட்டை இடித்து இடித்து.
கூடவே வந்த ஓடாவி பெனடிக் குரூஸ்
ஏரியை உள்ளங்கையில் அள்ளி
நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:
"உப்பில்லை.
இதில மரம் கெதியா உளுத்துப்போகும்.
வருஷம் ரெண்டு தரம் தார் பூசுங்கோ."

பதிவேட்டின் முதல் பக்கத்தில்
இன்னும் இருக்கிறது அந்தத் தார், ஒரு கட்டைவிரலாக.

ஏற்றியது: கொழுந்து, நாற்பத்திரண்டு மூட்டை.
ஏற்றியது: உரம். தகரம் பத்து.
டிஸ்பென்சரிக்கு ஒரு நாற்காலி.
ஏற்றியது: வலியெடுத்த ரெங்கநாயகி.
மூன்றாம் நாள் இறக்கியது: இருவர்.
ஏற்றியது: ஒன்றுமில்லை, வறட்சி,
இறங்குதுறைக்குக் கீழே தண்ணீர் இல்லை,
பழைய ஊரின் ரோட்டில் படகு உட்கார்ந்திருக்கிறது
பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல.

எங்கள் ஆட்கள் அதற்கு முன் கடைசியாகப் படகேறியது
தலைமன்னாருக்கு.
பிறகு காடு, நடை, குளிர், பிரட்டு.
நீந்தத் தெரிந்தவர்கள்
மேற்பிரிவில் ஒருவருமில்லை.
முதல் வாரம் எல்லாப் பெண்களும்
படகின் நடுவில் ஒரே குவியலாக உட்கார்ந்தார்கள்.
ஓட்டி மருதவீரன் கத்துவார்:
"பரவி உக்காருங்க, கவுந்திரும்!"
இரண்டாம் மாதம்
விளிம்பில் உட்கார்ந்து காலை நனைத்தார்கள்.

எழுபத்தெட்டு, ஆடி, செவ்வாய்க்கிழமை.
எழுத்து சாய்ந்திருக்கிறது, எழுதியவருக்குக் குளிர்.
பனிமூட்டம். கரை தெரியவில்லை.
இரண்டரை மணி நேரம் படகு
ஒரே இடத்தைச் சுற்றியிருக்கிறது.
ஃபெக்டரிக்குப் போய்ச் சேர்ந்தபோது
மூட்டைக்குள் கொழுந்து சூடேறிச் சிவந்துவிட்டது.
துரை எல்லோருக்கும் அரைப்பேர் போட்டார்.
பனிக்கு யாரும் பேர் வெட்டவில்லை.

புதன்கிழமை வழக்கம்போல் கொழுந்து நிறை எடுத்து
வழக்கம்போல் முப்பத்தொரு பெண்கள் ஏறினார்கள்.
ஏரியின் நடுவில் செவனம்மா சொன்னாள்:
"மோட்டரை நிப்பாட்டுங்கண்ணே."
மருதவீரன் ஏனென்று கேட்கவில்லை.

தரையில் வேலைநிறுத்தம் என்றால்
ஜீப் வரும், லத்தி வரும்,
லயத்துக் கதவுக்குப் பூட்டு வரும்.
தண்ணீரில் எது வரும்?
தோட்டத்துக்கு இருந்ததே ஒரு படகு.
பொலிஸ் கரையில் பூட்ஸோடு நின்றது.
பெரிய கணக்கப்பிள்ளை கைக்குட்டை வீசினார்.
பெண்கள் ரொட்டியைப் பிய்த்து,
கட்டச் சம்பலைத் தொட்டு,
வெத்தலை மடித்து,
மூட்டைகளில் சாய்ந்து கொண்டார்கள்.
கொழுந்து சூடேறிக்கொண்டிருந்தது.
இம்முறை அதன் மணம் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

மூன்று மணிக்குத் துரை வந்தார்.
அந்தத் துறைக்கு அவர் வந்தது அன்றுதான் முதல்.
தொப்பி, அரைக்கால்சட்டை, சேறு.
வாயருகே கை குவித்துக் கத்தினார்,
சரியாகப் பலகைக்குக் கீழே நின்று.

பள்ளிக்கூடம் இரண்டு வருஷம் போன இருளாயி
எழுத்துக் கூட்டி வாசித்தாள்:
து. ரை. மு. க. ம்.
பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு படகு முழுக்கச் சிரிப்பு,
முப்பத்தொரு பேரின் சிரிப்பு,
தண்ணீர் அதைச் சிந்தாமல் கரைக்குக் கொண்டுபோனது.

பதிவேட்டில் இவ்வளவுதான்:
"4.20. கரை சேர்ந்தது. முழுப்பேர், இரண்டு நாளுக்கும்."

அடுத்த வருஷம் கூட்டுத்தாபனம்
புதுப் பலகை அனுப்பியது.
றகரம் சரியாக இருந்தது.
மருதவீரன் அதை இரண்டாக அறுத்துப்
படகின் அடியில் உளுத்த இடத்துக்கு அடைத்தார்,
மேலே தார்.

ஏற்றியது: கொழுந்து, முப்பத்தெட்டு மூட்டை.
கசிவு: இல்லை.