சம்பந்தி வந்த ஞாயிறு

காட்பாடியில் வண்டி இருபது நிமிஷம் லேட்டு.
இறங்கியதும் சிவசைலம் அண்ணாச்சி கேட்டார்:
"இங்க எப்பமும் இப்பிடித்தானா வெயிலு?"
வெயிலுக்கு நானே பொறுப்பு மாதிரி
"இன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் கீது" என்றேன்.
'கீது'வைக் கேட்டதும் உலகம்மாள்
முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.
மூன்று மாசமாய் இரண்டு வீட்டுக்கும் நடுவில்
கேட்ட முதல் சிரிப்பு.

பேச வந்தவர்கள்.
எதைப் பற்றி என்று போனில் யாரும் சொல்லவில்லை.
என் மகள் பெங்களூரில் ஒரு ஹாஸ்டலில்.
அவர்கள் மகன் அதே ஊரில்
மடிக்காத துணியோடு ஒரு வாடகை வீட்டில்.
பேசத்தான் வந்தார்கள்.
நான் ஊரைச் சுற்றிக் காட்டினேன்.

முப்பத்தோரு வருஷம்
வீடு வீடாய் மீட்டர் படித்தவன் நான்.
உள்ளே சண்டை நடந்தால்
எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வெளியே வரத் தெரியும்.

பாலாற்றுப் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்.
"ஆறு எங்க?"
"இதான்."
எட்டிப் பார்த்தார்.
வேலிகாத்தான் முள், மணல் அள்ளிய பள்ளம்,
ஒரு கிரிக்கெட் ஸ்டம்ப்.
தாமிரபரணியில் தினமும் முங்கி எழுகிற மனுஷர்
சாவு வீட்டில் நிற்பதுபோல்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
"வந்தா பயங்கரமா வரும்" என்றேன்.
"வந்தாச் சரி."
ஆற்றைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

கோட்டைக்குள் நிழல் பார்த்து நிழல் பார்த்து நடந்தோம்.
அகழித் தண்ணீரைக் கண்டு
அண்ணாச்சி முகம் கொஞ்சம் இறங்கி வந்தது.
கோயிலில் அந்த மண்டபத்தின் பெயரைச் சொல்லாமல்
"தூணெல்லாம் பாருங்க" என்று கையைக் காட்டினேன்.
உலகம்மாள் போர்டைப் படித்தார், சத்தமாய்:
"கல்யாண மண்டபம்."
நாலு பேரும் தூண்களை
ரொம்ப நேரம் பார்த்தோம்.

என் மனைவி வேதவல்லி அவசரமாய்
காளையும் யானையும் ஒட்டிய சிற்பத்தைக் காட்டினாள்.
இந்தப் பக்கம் மூடினால் காளை,
அந்தப் பக்கம் மூடினால் யானை.
மூடிய கையை எடுக்கும்போதுதான்
ரெண்டு உடம்புக்கு ஒரே தலை என்பது
அவளுக்கே உறைத்தது.
"மோர் குடிக்கலாமா" என்றாள்.

லாங் பஜாரில் உலகம்மாள் ஒன்றே ஒன்று வாங்கினார்:
குக்கர் மூடிக்குப் போடும் ரப்பர் வளையம்.
"அவன் குக்கர்ல காத்துப் போவுது,
விசிலே வரமாட்டேங்குதாம். சோத்தக் குழைய வச்சித் திங்கான்."
அதற்குமேல் அவர் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
வளையம் பைக்குள் போனது.

சாயங்காலம், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம்,
ஃபேன் ஓடாத ஓட்டல்.
தோசை வருவதற்குள் என் போன்:
"நைனா, சாப்டீங்களா?"
அதே நேரம் அண்ணாச்சி போன்.
அவருக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டார்:
"எப்பா, எங்க சுத்துதீக?"
அந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு விசில்.
அரை நொடி தள்ளி
என் காதோரம் அதே விசில்.

எங்கள் பக்கம் நாலு பேரும் மூச்சு விடவில்லை.
"அப்புறம்?" என்றாள் மகள்.
"ஒண்ணும் இல்லம்மா. கோட்டையப் பாத்தோம்."
இரண்டாவது விசில்.
"சரி, வச்சிடறேன் நைனா. அடுப்புல..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள்.
அண்ணாச்சி போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பில் வந்தது.
அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்,
நான் அவர் சட்டைப்பையை அமுக்கினேன்.
ஓட்டலே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு
பகலெல்லாம் போடாத சண்டையைப் போட்டோம்.

உலகம்மாள் பையைத் துழாவி
ரப்பர் வளையத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.
"மைனி, அஞ்சு லிட்டர் குக்கர் உங்ககிட்ட இருக்கா?"

"கீது" என்றாள் வேதவல்லி.