இல்லாத கல்யாணத்துக்கு ஏழு அண்டா

திங்கட்கிழமை காட்டினேன்.
கழனிவாசலில் பாத்திர வாடகைக் கடை.
கல்லாவுக்குப் பின்னால் சாமி படம்,
அதற்கும் பின்னால் கரண்டி மலை.
மூன்று திரை, நான்கு பொத்தான்;
இரண்டு பொத்தானுக்குப் பின்னால் ஒன்றுமே கிடையாது.
சும்மா பாருங்க அண்ணே, என்றேன்.

அடைக்கலம் எல்லாவற்றையும் அமுக்கினார்.
"போச்சு, வந்துச்சு. ரெண்டுதானா?
கோட்டையூர்ல சோறு வடிச்ச சருவம்
கடை வாசல் மிதிக்காம கண்டனூர் போகும்.
அது எங்க நிக்கும் தங்கச்சி?"

எழுபது பக்கம் கேட்டு எழுதியிருந்தாலும்
இந்தக் கேள்வி அதில் வந்திருக்காது.
தப்பைக் கண்ணில் காட்டினால்தான்
சிலருக்குச் சரி வாயில் வருகிறது.

புதன்கிழமை, 'வழியில்' என்று ஒரு கட்டம்.
வெள்ளி, நசுங்கல். நசுக்கியது யார் என்று
முக்கால் மணி நேரத் தகராறு,
அதற்கும் ஒரு கட்டம்.
அடுத்த திங்கள் எழுத்து பெரிதாயிற்று.
புதன் அவர் கேட்ட பச்சை.
வியாழன் பச்சை வேண்டாம்.
பந்தல்காரன் பிழைப்புதான்:
கட்டு, பிரி, கட்டு.
எனக்கு அது பிடித்திருந்தது.

சனிக்கிழமை முகூர்த்த நாள், காலை ஒன்பதுக்கு போன்.
வேன் பள்ளத்தூரில் நிற்கிறது.
ஏழு அண்டா, நூற்றிருபது தட்டு, ஓர் இட்லிக் கொப்பரை.
வயிரவன், நாலாம் நம்பர், மேலத்தெரு.

அந்த வயிரவன் நான் பெற்றவன்.
முதல் திங்களன்று திரை காலியாக இருக்கக் கூடாதென்று
பஸ்ஸில் வரும்போது தட்டிய பெயர்.

டிரைவர் காசிம் விடவில்லை, தெருவெல்லாம் விசாரித்து
நிஜமாகவே ஒரு வயிரவனைப் பிடித்துவிட்டார்.
வீட்டில் கல்யாண வயதில் ஆளில்லை.
அவர் மனைவி வேனையும் பார்த்தாராம்,
அவரையும் ஒரு பார்வை பார்த்தாராம்.

"அது சாம்பிள் அண்ணே."
"சாம்பிள்னு எங்க எழுதியிருக்கு?"
எங்கும் எழுதியிருக்கவில்லை.
"பழைய நோட்டுல பார்த்திருக்கலாமே?"
"அதை மூடித்தான் பத்து நாளாச்சே."

முடிந்துவிட்டதா என்று அவர் கேட்கவில்லை.
முடியவில்லை என்று நானும் சொல்லவில்லை.
முகப்பை மட்டும் நட்டு வைத்தேன்;
மனுஷன் மூட்டை முடிச்சோடு
குடி வந்துவிட்டார்.

அன்று ராத்திரியே வயிரவனை அழித்தேன்.
திரை உச்சியில் சிவப்பாக எழுதினேன்:
இது ஒத்திகை.
திங்கட்கிழமை போய்
டீசல் காசு முந்நூற்று நாற்பதை
என் பேரில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அடைக்கலம் மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.
"வண்டிச் செலவுக்கு இதுல கட்டமே இல்லையே.
புதனுக்குள்ள ஆகுமா?"