கன்ட்ரோல் வரிசை

மணக்குடியில் பொழி அடைத்திருந்த சித்திரை.
கடலுக்குள் இறங்க வழியில்லாத பழையாறு
கரித்த வாயோடு பின்வாங்கி
அருளப்பனின் கன்னிப்பூ நாற்றங்காலில் படுத்துக்கொண்டது.
இலைகளில் துருப்புள்ளி.
"கடலு வந்து நக்கிட்டுப் போயிருக்கு" என்றார்,
அடுத்த வீட்டுப் பசுவைச் சொல்வதுபோல.

நாற்பது தொட்டிக்கும் அவர் மண்ணையே அள்ளிவந்தேன்.
பறக்கையில், குளக்கரைக்கு இந்தப் பக்கம்,
பச்சை வலை போட்ட கூடம்.
பத்துப் பத்தாக நான்கு வரிசை:
நல்ல தண்ணீர்.
நல்ல தண்ணீரும் துத்தநாகமும்.
உப்புத் தண்ணீர்.
உப்புத் தண்ணீரும் துத்தநாகமும்.

துத்தநாகம் எவ்வளவு வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?
காய்ந்த இலை ஒரு கிலோ எடுத்தால்
அதில் இருபது மில்லிகிராம்.
மூக்குத்தித் திருகாணியைச் சுரண்டினால் உதிருமே, அவ்வளவு.
அது இருந்தால் வேர்
ஆள் பார்த்து உள்ளே விடும்,
சோடியத்தை நடையிலேயே நிறுத்தப் பார்க்கும்.
இல்லையென்றால் கதவில்லாத வீடு.

மூன்றாம் வரிசை சாக வேண்டும்.
அது செத்தால்தான்
நான்காம் வரிசை பிழைத்தது என்று நான் சொல்ல முடியும்.
நோட்டில் இவ்வளவு பச்சையாக எழுதவில்லை:
'எதிர்பார்க்கும் உயிர்ப்பு, இருபது சதவீதத்துக்குக் கீழ்.'
காலையில் ஸ்கூட்டியை நிறுத்தியதும்
முதலில் அங்கேதான் போவேன்,
முடிந்துவிட்டதா என்று பார்க்க.

பதினான்காம் நாள் நுனி கருகியது. சரி.
இருபத்தோராம் நாள்
இருபத்தாறாம் தொட்டியில்
நடுக்குருத்து சுருள் பிரித்து வெளியே வந்தது.
வெட்கமே இல்லாத பச்சை.
மறுநாள் பக்கத்துத் தொட்டி.
அந்த வாரக் கடைசியில் ஏழு.

இலையை உலர்த்தி, எரித்து, சாம்பலை அமிலத்தில் கரைத்துத்
திருவனந்தபுரத்துக்கு அனுப்பினேன்.
பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று.
யாரோ போட்டிருக்கிறார்கள்.

புஷ்பபாயிடம் நான் கேட்ட விதம் சரியில்லை.
"அதுகளுக்குச் சோறு போட எனக்கென்ன டீச்சர் நேர்ச்சையா?
கேன் பொட்டிப்போச்சு, பத்து நாளுக்கு மேலாச்சு.
வாளியிலதான் கலக்கி வச்சுக் கோரி ஊத்துதேன்."

அந்த வாளி.
கைப்பிடியில் பழைய சேலைத்துணி சுற்றி மூலையில் இருந்தது.
துத்தநாகத்தில் முக்கியெடுத்த தகரம்.
உள்ளே தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும்
பளபளப்பு போய் வெள்ளைப் பூ பூத்திருந்தது.
நல்ல தண்ணீரென்றால் மெதுவாகத்தான் அரித்திருக்கும்.
நான் அளந்து போட்ட உப்பு
ராத்திரி முழுக்க அதைச் சுரண்டிச் சுரண்டி
தான் கொல்ல வேண்டிய நாற்றுக்கே
மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறது.

சிரித்திருக்கலாம்.
ஆறு வாரத்து எண்களின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தேன்.
பேனா பாதியில் எழுதவில்லை. திரும்ப இழுத்தேன்.
ஒன்றைப் போடுவது எளிது.
போடாமல் வைத்திருக்கத்தான் உலகம் விடுவதில்லை:
வாளி, ஆணி,
வலை கட்டிய கம்பியிலிருந்து சொட்டும் மழை.

இடவப்பாதி இருட்டிக்கொண்டு வந்த மதியம்
அருளப்பன் வந்தார், சைக்கிளில் இரண்டு காலிச் சாக்கோடு.
நான்காம் வரிசையைப் பார்க்கவே இல்லை.
மூன்றாம் வரிசையின் முன் குந்தி
ஒரு இலையை விரலிடுக்கில் மெல்ல உருவினார்.
"இதுக்கு என்ன போட்டீங்க?"
"ஒண்ணும் போடல."
"அப்பம் அந்த ஒண்ணுமில்லாததுலேயே
எனக்கு ரெண்டு சாக்கு தாங்க."

புஷ்பபாய் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.
வலையில் முதல் துளிகள்.
புது பிளாஸ்டிக் கேனில்
மார்க்கர் பேனாவால் எழுதுகிறேன்:
உப்பு மட்டும்.